நர்சிங் முடித்தாயிற்று, அடுத்தது காம் சர்வ்: தென்னாப்பிரிக்காவில் சமூகச் சேவை ஆண்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் நர்சிங் பட்டம் வாங்கியதும் நேரே வேலையில் சேர்ந்துவிட முடியாது. முதன்முறையாகப் பதிவு செய்யும் குடிமக்கள் ஓராண்டு அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ சம்பளத்தோடு சமூகச் சேவை செய்ய வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு நர்சிங் சட்டத்தின் 40ஆம் பிரிவு. 2008 முதல் இது நடப்பில் இருக்கிறது. வார்டில் எல்லோருக்கும் இது ‘காம் சர்வ்’. வேறு நாடுகளில் மருத்துவமனைகள் புது நர்ஸ்களுக்கென்று நடத்தும் ரெசிடென்சித் திட்டத்தின் இடத்தில் இங்கே இருப்பது இதுதான். அங்கே அது விருப்பம், இங்கே கட்டாயம்.

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வீடுகளிலிருந்து நர்சிங் முடித்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் அப்பா அம்மாவுக்கும் இந்தக் கட்டுரை. விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, காகிதத்தால். ஆகவே காகிதத்திலிருந்தே தொடங்குவோம்.

பெயர் ஒன்றாக இருக்கிறதா?

அடையாள அட்டை, மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழ், கல்லூரிப் பதிவு, நர்சிங் கவுன்சிலின் மாணவர் பதிவு ஆகிய நான்கையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் குடும்பங்களில் இது வீண் வேலை அல்ல. கப்பலில் வந்த நம் முன்னோரின் பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் கவுண்டர் கொவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தங்கைக்கு வேறொன்று இருப்பதும் உண்டு. அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குடும்பங்களில் அப்பா பெயர் ஒரு காகிதத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் நிற்கும். திருமணமாகி அட்டையில் மட்டும் பெயர் மாற்றியவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

கணினிக்கு நீங்கள் ஒரே ஆள் என்று தெரியாது. பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். திருத்தம் உள்துறை அலுவலகத்தில் முடிய மாதங்கள் ஆகலாம் என்பதால் இறுதியாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பாருங்கள். திருமணத்தால் மாறிய பெயர் என்றால் திருமணச் சான்றிதழின் நகலை எல்லா இடத்திலும் சேர்த்தே கொடுங்கள்.

காகிதக் கட்டு

அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், மெட்ரிக் சான்றிதழ், கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல், படிப்பு எந்தத் தேதியில் முடியும் என்று கல்லூரி எழுதித் தரும் கடிதம், கவுன்சிலின் மாணவர் பதிவு எண், முகவரிச் சான்று. உதவித்தொகையில் படித்தவர்கள் அதன் ஒப்பந்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகல்களுக்குச் சான்றொப்பம் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். அசலைக் கையோடு கொண்டு போங்கள், அதைப் பார்க்காமல் முத்திரை குத்த அவர்களுக்கு அனுமதி இல்லை. நகர்வதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள்: முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, ஒப்பமிட்டவரின் பெயரும் பதவியும் வாசிக்க முடிகிறதா, முத்திரை உங்கள் அடையாள எண்ணின் மேல் விழாமல் இருக்கிறதா. எண் மறைந்த நகல் செல்லாத நகல். பழைய தேதி போட்ட சான்றொப்பத்தையும் ஏற்க மாட்டார்கள். விண்ணப்ப அறிவிப்பு எத்தனை மாதத்துக்கு உட்பட்டது கேட்கிறது என்று வாசித்துவிட்டு, அதற்குள் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் பி.டி.எஃப் ஆக ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுத்தால் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மேலே விளக்கு இருந்தால் உங்கள் தலையின் நிழல் சரியாக எண்ணின் மேல் விழும். கோப்பின் பெயரில் உங்கள் குடும்பப் பெயரும் ஆவணத்தின் பெயரும் இருக்கட்டும்.

எங்கே போவது?

இதை அவசரத்தில் தீர்மானிக்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில் என்ற ஒரே கணக்கில் பட்டியலை நிரப்புகிறவர்கள் பலர். சாட்ஸ்வர்த் பிள்ளை ஆர்.கே. கான் மருத்துவமனையை முதலில் போடுவதும், ஃபீனிக்ஸ் பிள்ளை மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையைப் போடுவதும் இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் டர்பன் சுற்றுவட்டாரத்தை எல்லோரும் கேட்பார்கள். பட்டியல் முழுவதையும் டர்பனால் நிரப்பி அங்கே இடம் இல்லாமல் போனால், மிச்சமிருக்கும் இடங்களில் எங்கே தள்ளினாலும் போக வேண்டியதுதான். நீங்களே ஆராய்ந்து, போகத் தயாராக இருக்கும் ஒரு தூரத்து மருத்துவமனையைப் பட்டியலில் வைப்பது இதைவிட மேல்.

மருத்துவமனை எந்தப் படிநிலையில் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற மைய மருத்துவமனைக்கு நோயாளிகள் வேறு மருத்துவமனையின் பரிந்துரையோடு வருவார்கள். உயர்ந்த சிகிச்சை, புதிய கருவி, ஆழ்ந்த சிறப்புத்துறை எல்லாம் உண்டு. ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரே வகை நோயாளிகளோடு கழிந்துவிடவும் கூடும். மாவட்ட மருத்துவமனையில் அப்படி இல்லை. ஆள் குறைவு என்பதால் இந்த மாதம் பிரசவ வார்டு, அடுத்த மாதம் கேஷுவல்டி, அதற்கடுத்து குழந்தைகள் வார்டு என்று சுழற்றுவார்கள். எங்கள் கருத்து வெளிப்படையானது: புது நர்ஸுக்கு முதல் ஆண்டில் மாவட்ட மருத்துவமனைதான் நல்லது. நான்கு ஆண்டுப் பட்டத்தில் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றவர்கள் இதை இன்னும் கூர்ந்து யோசிக்க வேண்டும். ஓராண்டு பிரசவமே பார்க்காமல் போனால், பார்ட்டோகிராம், அதாவது பிரசவம் எப்படி நகர்கிறது என்று காட்டும் வரைபடம், வரையும் கையும் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்லும் விரலும் தயங்க ஆரம்பித்துவிடும்.

தூரத்தைப் பற்றிய உண்மையையும் தெரிந்துகொள்ளுங்கள். மொசாம்பிக் எல்லையோரம் இருக்கும் மங்குஸி மருத்துவமனைக்கு டர்பனிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த உம்கன்யகூடே மாவட்டத்தில் மலேரியா உண்டு. இரவு 7 மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது மினிபஸ் டாக்சி கிடைக்காது. அதனால் நர்ஸ் குடியிருப்பு இருக்கிறதா, இருந்தால் காத்திருப்போர் எத்தனை பேர் என்பதை விண்ணப்பிக்கும் முன் மருத்துவமனைக்கு போன் செய்து கேளுங்கள். மகளைத் தனியே அனுப்ப அம்மா தயங்குவார். நர்ஸ் குடியிருப்பு மருத்துவமனை வேலிக்குள்ளேயே இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் வீட்டில் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

மாகாண உதவித்தொகை வாங்கியவர்களுக்கு இவ்வளவு சுதந்திரம் இல்லை. பணம் கொடுத்த மாகாணத்துக்கே உழைத்துக் கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். குவாசூலு-நடாலின் பணத்தில் படித்துவிட்டு லெனேசியா மாமா வீட்டில் தங்க ஹௌடெங் மாகாணத்தைப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

விண்ணப்பம்

விண்ணப்பம் தேசிய சுகாதாரத் துறையின் ஐ.சி.எஸ்.பி என்ற இணையத் தளத்தில்தான். ஜனவரியில் தொடங்கும் பெரிய சுற்று ஒன்று, ஆண்டின் நடுவில் தொடங்கும் சிறிய சுற்று ஒன்று. திறக்கும் தேதியும் மூடும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், முந்தைய ஆண்டு அக்கா சொன்ன தேதியை நம்பாமல் துறையின் அறிவிப்பையே பாருங்கள்.

கணக்குத் தொடங்கும்போது கல்லூரி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிடும், இடம் கிடைத்த செய்தி மூடிய பெட்டியில் போய் விழும். சொந்த மின்னஞ்சலும், ஓராண்டுக்கு மாற்றாத கைபேசி எண்ணும் கொடுங்கள். கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் ஏறுவதால் தளம் திணறும், உங்கள் தெருவில் மின்சாரமும் போகலாம். எல்லாம் ஏற்றியபின் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தி, உறுதிச் செய்தி வந்ததும் அதைப் படமெடுத்து வையுங்கள். சேமித்து வைத்த விண்ணப்பம் சமர்ப்பித்த விண்ணப்பம் ஆகாது. இதில் ஏமாந்து போகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள்.

கைக்குழந்தை, தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய், நீங்கள் மட்டுமே பார்த்துக்கொள்ளும் பெற்றோர் என்று சிறப்புக் காரணம் இருந்தால் அதற்கான சான்றோடு எழுதுங்கள். “அம்மாவுக்குச் சர்க்கரை” என்ற ஒரு வரி போதாது. என்ன நோய், எங்கே சிகிச்சை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, நீங்கள் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மருத்துவரின் கடிதம் சொல்ல வேண்டும்.

குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமையோடு இங்கே படித்தவர்கள் கடைசி வரை காத்திருக்க நேரலாம். வேலை அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். முதல் சுற்றில் இடம் வராதவர்கள் பதற வேண்டாம், அடுத்த சுற்று உண்டு. ஆனால் அந்த நாட்களில் மின்னஞ்சலைக் காலையும் மாலையும் பாருங்கள். பதில் சொல்லத் தரும் அவகாசம் குறைவு.

யாராவது பணம் கொடுத்தால் நல்ல இடம் வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் வந்தால், கோயிலில் தெரிந்தவராகவே இருந்தாலும், பதில் போடாதீர்கள். இந்தத் திட்டத்தில் இடத்துக்குக் கட்டணம் கிடையாது.

கவுன்சில் பதிவு

இடம் கிடைத்தாலும் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் பதிவு இல்லாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது, அது சட்டப்படி குற்றம். படிப்பு முடிந்த ஆவணங்களைக் கல்லூரிதான் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அனுப்பியாயிற்றா என்று கல்லூரியில் கேட்டு, அனுப்பிய தேதியைக் குறித்துக்கொள்வது. பிரிட்டோரியாவில் இருக்கும் கவுன்சிலைவிட கல்லூரி அலுவலகத்திலேயே காகிதம் தூங்குவது அதிகம்.

கட்டணத்தை வங்கியில் செலுத்தும்போது குறிப்பு எண்ணாக உங்கள் கவுன்சில் எண்ணை மட்டும் போடுங்கள். பெயரைப் போட்டால், ஆயிரம் நாயுடுக்களில் எந்த நாயுடு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சமூகச் சேவை செய்பவர் என்ற வகையில் பெயர் தெரிந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுங்கள், மருத்துவமனை மனிதவளப் பிரிவு முதலில் கேட்பது அதைத்தான்.

சேரும் முன்

முதல் சம்பளம் தாமதமாகவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விவரம் பெர்சல் என்ற அரசுச் சம்பள முறையில் ஏறினால்தான் பணம். அது நடக்க வங்கியின் முத்திரை விழுந்த இசட்56 படிவமும் வருமான வரி எண்ணும் வேண்டும். இரண்டையும் சேரும் நாளன்றே கையில் கொண்டு போங்கள். வரி எண் இல்லாதவர்கள் டிசம்பருக்குள் வாங்கிவிட வேண்டும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதப் பணம் கையில் இருந்தால் நிம்மதி.

குழந்தைகளோடு வேலை செய்வதால் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான படிவம் 30, பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுக்கான படிவம் 8 இரண்டையும் கேட்கலாம். முன்னது சமூக மேம்பாட்டுத் துறை, பின்னது நீதித் துறை. பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். மாணவராக இருந்தபோது போட்டிருந்தாலும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தம் பார்த்து, அளவு 10க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். காசநோய் விஷயத்தில் குவாசூலு-நடாலில் அலட்சியம் கூடாது. மருந்துகளுக்கு மிகக் கடுமையாக எதிர்ப்புக் காட்டும் காசநோய் 2006இல் உலகக் கவனத்துக்கு வந்தது டுகேலா ஃபெரியிலிருந்துதான். என்95 மாஸ்க் முகத்தில் பொருந்துகிறதா என்பதை ஒவ்வொரு முறை போடும்போதும் ஊதிப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசிந்தால் அது வெறும் துணி. யூனியனில் சேர்வது உங்கள் விருப்பம். ஆனால் தொழில் பொறுப்புக் காப்பு இல்லாமல் வார்டில் நிற்காதீர்கள். நர்ஸ்களின் சங்கமான டெனோசா போன்ற அமைப்புகளின் உறுப்பினர் ஆனால் அது சேர்ந்தே வரும்.

கொஞ்சம் ஸூலு கற்றுக்கொண்டு போங்கள். ‘குபுஹ்லுங்கு குபி’ என்றால் எங்கே வலிக்கிறது, ‘பெஃபுமுலா’ என்றால் மூச்சு விடுங்கள். இந்த இரண்டு இல்லாமல் இரவு ஷிஃப்டில் ஒரு கோகோவை, அதாவது பாட்டியை, கவனிப்பது கஷ்டம்.

முதல் வாரங்களில் தவறு நடக்கும் இடங்கள்

ஆறாம் அட்டவணை மருந்து அலமாரியின் சாவி. மார்ஃபின், பெத்திடின் அதற்குள்தான் இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது “எல்லாம் சரியாக இருக்கிறது சிஸ்டர், கையெழுத்துப் போடுங்கள்” என்று யார் சொன்னாலும், சாவியை வாங்குமுன் இருவரும் சேர்ந்து அலமாரியைத் திறந்து ஆம்பூல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ண வேண்டும். அடியில் இருக்கும் ஆம்பூல் விரிசல் விட்டிருக்கலாம், பெட்டி முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்று குறையலாம். பதிவேட்டின் மீதியும் கையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றானால் மட்டும் கையெழுத்து. குறைந்தால் அந்த நிமிடமே ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், போகிறவரையும் போக விடாதீர்கள். கையெழுத்திட்ட பிறகு கண்டுபிடிக்கும் குறை உங்கள் குறை.

ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிழியாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தின் முதல் வேளை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் கடந்தால் தொடங்க மாட்டார்கள். பிறகு 28 நாள் விடாமல். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் சோதித்து, பணியிடக் காயப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பின்னாளில் இழப்பீடு கேட்க ஆதாரம் இருக்காது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் செய்யச் சொன்னால், “எனக்கு இன்னும் காட்டித் தரவில்லை சிஸ்டர், பக்கத்தில் நின்று காட்டுவீர்களா?” என்று கேட்கலாம். இதற்காக யாரும் உங்கள் மேல் புகார் எழுத முடியாது. காட்டாமல் செய்து நோயாளிக்கு ஏதாவது ஆனால், கவுன்சில் விசாரிப்பது உங்களைத்தான்.

சுழற்சிப் பட்டியலை முதல் மாதத்திலேயே நர்சிங் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களை ஆள் இல்லாத வார்டில் ஆண்டு முழுவதும் விட்டுவிடுவது உண்டு.

தீபாவளி இங்கே அரசு விடுமுறை அல்ல. வருடத்துக்கு 22 வேலை நாள் விடுப்பு உண்டு, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்தவர்களுக்குத் தைப்பூசக் காவடி சில வாரங்களிலேயே வந்துவிடும். இஸிபிங்கோ மாரியம்மன் திருவிழா வரும் ஈஸ்டர் நாட்களில் எல்லோரும் விடுப்புக் கேட்பார்கள். விடுப்பு விருப்பம் எழுதும் ஏட்டில் முதல் ஆளாக எழுதுங்கள், பதிலாக டிசம்பர் 25 அன்று வேலை செய்கிறேன் என்று சொன்னால் காரியம் எளிது. விரதக் காப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தால் தொற்றுத் தடுப்பு விதிப்படி கழற்றச் சொல்வார்கள். முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்பது எல்லா மதத்துக்கும் பொது. கோயில் குருக்களிடம் முன்பே கேட்டு மேற்கையில் கட்டிக்கொள்ளலாம்.

பத்தாம் மாதத்திலேயே அடுத்த வேலை

ஆண்டு முடிந்ததும் அரசு உங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் என்று எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை. அதனால் பத்தாம் மாதமே தேடத் தொடங்குங்கள். அரசு வேலைக்கு இசட்83 படிவமும் தன்விவரமும் அனுப்பினால் போதும், சான்றொப்ப நகல்களை நேர்காணலுக்கு அழைத்தவர்களிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. 2021இல் வந்த புதிய இசட்83ஐயே பயன்படுத்துங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கையெழுத்தை மறக்காதீர்கள். இந்த இரண்டில் ஒன்று தவறினால் போதும் படிவம் கூடைக்குப் போக.

நேர்காணலில் பத்தோ பெலே, அதாவது ‘மக்களே முதல்’ என்ற அரசுச் சேவைக் கோட்பாடுகள் எட்டையும் கேட்பார்கள். வெறுமனே ஒப்பிப்பவரைவிட, ஒவ்வொன்றுக்கும் தன் வார்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்பவருக்கே மதிப்பெண். கட்டாயம் வரும் இன்னொரு வகை: “அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவரின் ரத்த அழுத்தம் 80/50, என்ன செய்வீர்கள்?” உதவிக்குக் கூப்பிடுவேன், மூச்சுப்பாதை பார்ப்பேன், ஆக்சிஜன் வைப்பேன், காயத்தின் கட்டு வழியே ரத்தம் கசிகிறதா என்று போர்வையை விலக்கிப் பார்ப்பேன், நரம்பு வழித் திரவம் ஓடுகிறதா என்று பார்ப்பேன், மருத்துவருக்குச் சொல்வேன், நேரம் போட்டு எழுதுவேன், நோயாளியை விட்டு நகர மாட்டேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். மருத்துவருக்கு போன் செய்வேன் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும் பதில்தான் புது நர்ஸ்களிடம் அதிகம்.

12 மாதம் முடித்ததற்கான உறுதியை மருத்துவமனை கையெழுத்திட்டுத் தந்து அது கவுன்சிலுக்குப் போனால்தான் முழுப் பதிவு. நீண்ட மருத்துவ விடுப்போ மகப்பேறு விடுப்போ எடுத்திருந்தால் முடியும் தேதி தள்ளிப் போயிருக்கலாம், மனிதவளப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்திட வேண்டிய மேலாளர் டிசம்பரில் விடுமுறையில் இருப்பார். படிவத்தை நவம்பரிலேயே நிரப்பி அவர் மேசையில் வைத்து, முடியும் நாளன்று யார் கையெழுத்திடுவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலின் அடுத்த ஆண்டுக்கான கட்டணத்துக்கும் டிசம்பர் 31தான் கெடு.